வேளாண் கல்லூரியின் மாணவர் தூதர் ஆவது எப்படி? டெல்டா மாணவர்களுக்கான செய்முறை விளக்கம்

பிளஸ் டூ முடித்த பிள்ளையும் அப்பாவும் கல்லூரி வாசலில் வந்து நிற்கும்போது முதலில் பேசக் கிடைக்கிற ஆள் மாணவர் தூதர்தான். பள்ளிகளுக்குப் போய் வேளாண் படிப்பைப் பற்றிச் சொல்வது, கண்காட்சிகளில் துறையின் அரங்கில் நிற்பது, வருகிறவர்களுக்குப் பண்ணையைச் சுற்றிக் காட்டுவது, சேர்க்கை நேரத்தில் சந்தேகம் தீர்ப்பது எல்லாம் இந்தப் பொறுப்பில் அடங்கும்.

மற்ற ஊர்களைவிட காவிரிப் படுகையில் இந்த வேலை கொஞ்சம் கடினம். எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு விவசாயம் தெரியும், நம்மைவிட நன்றாகவே தெரியும். அவர்களிடம் படிப்பை விளம்பரம் மாதிரி விற்க முடியாது. உள்ளதை உள்ளபடி சொல்கிற தூதரைத்தான் நம்புவார்கள்.

படி 1: பெயர் கொடுப்பது

துறைத் தலைவரையோ மாணவர் நல ஆலோசகரையோ நேரில் பாருங்கள். ஒரு பக்கக் கடிதம் போதும். உங்கள் ஊர், படித்த பள்ளி, எந்தப் பகுதிப் பள்ளிகளுக்குப் போக முடியும், வாரத்தில் எந்த நேரம் ஒதுக்க முடியும் என்று எழுதுங்கள். ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்க வேண்டாம். மன்னார்குடிப் பக்கத்துப் பள்ளியில் பேசுவதற்கு அந்தப் பக்கத்துத் தமிழ்தான் வேண்டும்.

படி 2: விவரம் சேர்ப்பது

ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இளநிலை வேளாண்மை நான்கு ஆண்டு, எட்டு செமஸ்டர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசைப்படி நடக்கிறது, நீட் தேவையில்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021 சட்டத்தின்படி வேளாண் படிப்புக்கும் உண்டு. இதைப் பள்ளியில் சொன்னதும் பின் வரிசையில் இருப்பவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். கட்டணம், கடைசித் தேதி, எந்தப் பாடப் பிரிவுக்குத் தகுதி என்பதை மட்டும் அந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லுங்கள். மனப்பாடமாக வேண்டாம், ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

நம் பகுதியில் எங்கெல்லாம் படிக்கலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி, தஞ்சாவூர்ப் பக்கம் ஈச்சங்கோட்டையில் ஒரு அரசு வேளாண் கல்லூரி, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலம். உங்கள் கல்லூரியை விட்டு இன்னொன்றில் சேரலாமா என்று பிள்ளை கேட்டாலும் முகம் சுளிக்காமல் வழி சொல்லுங்கள்.

படி 3: அந்த ஒரு கேள்விக்குத் தயாராவது

எந்தப் பள்ளிக்குப் போனாலும் யாராவது ஒரு அப்பா இதைக் கேட்பார். ஒருமுறை நான் போனது திருத்துறைப்பூண்டிப் பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடைக் கிராமம் ஒன்றின் மேல்நிலைப் பள்ளி. பெற்றோர் கூட்டம் முடிகிற நேரத்தில் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு ஒருவர் எழுந்தார். “நாங்க சேத்துல கெடந்து பட்டது போதாதா தம்பி? பொண்ணையும் படிக்க வச்சு மறுபடி சேத்துலயே எறக்கணுமா?”

இதற்கு “விவசாயம்தான் நாட்டின் முதுகெலும்பு” என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். முதுகு வலிக்கிறது என்கிறவரிடம் சொல்கிற பதில் அதுவல்ல. நான் திருப்பி ஒன்று கேட்டேன். “குறுவைக்கு என்ன நெல்லு போட்டீங்க ஐயா?”

“ஏடிடி நாப்பத்தஞ்சு.”

“அது கும்பகோணம் பக்கத்துல ஆடுதுறையில, 1922-லேருந்து இருக்கிற நெல் ஆராய்ச்சி நிலையத்துல உருவான ரகம் ஐயா. அந்த மாதிரி ரகத்தை உருவாக்குறவங்க இந்தப் படிப்பு படிச்சவங்கதான். உங்க பொண்ணும் அங்க போய் நிக்கலாம்.”

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த மகளிடம் ஏதோ கேட்டார். அந்தப் பேச்சு வீட்டில் தொடர்ந்தால் போதும், நம் வேலை நடந்துவிட்டது.

அதன் பிறகு வேலைவாய்ப்பைச் சொல்லுங்கள். வேளாண்மை அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு, வங்கிகளில் வேளாண் அலுவலர் பணி, விதை மற்றும் உர நிறுவனங்கள், மேற்படிப்பு, ஆராய்ச்சி. உதவி வேளாண்மை அலுவலர் பணிக்கு இரண்டாண்டு பட்டயப் படிப்பு வழி இருப்பதையும் மறைக்காதீர்கள், சில வீடுகளுக்கு அதுதான் பொருந்தும். எல்லாத் தேர்விலும் போட்டி கடுமை என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள். “படிச்சா வேலை உறுதி” என்று மட்டும் வாயில் வரக்கூடாது. ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து நம் சொல்லை நம்பி வரும்.

படி 4: கையால் செய்து காட்டுவது

திரையில் படம் ஓட்டுவதைவிட ஒரு வாளி நன்றாக வேலை செய்யும். நான் கொண்டுபோவது உப்புக் கரைசலில் விதை தேர்வு.

வாளியில் இரண்டு லிட்டர் தண்ணீர், 300 கிராம் கல் உப்பு, ஒரு கோழி முட்டை, இரண்டு கைப்பிடி விதைநெல். முதலில் வெறும் தண்ணீரில் முட்டையைப் போடச் சொல்லுங்கள், அடியில் போய்ப் படுக்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்க ஒரு மாணவியைக் கூப்பிடுங்கள். முட்டை மெல்ல எழும்பி, பழைய நாலணாக் காசு அகலத்துக்கு ஓடு வெளியே தெரிகிறபோது கரைசல் தயார். இப்போது முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டுங்கள். பதரும் அரைகுறையாகப் பால் பிடித்ததும் மேலே மிதக்கும், கனமான விதை அடியில் தங்கும். மிதப்பதை வழித்தெடுத்துவிட்டு, தங்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசிக் காட்டுங்கள். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும் என்று காரணமும் சொல்லுங்கள்.

முட்டை புதிதாக இருக்க வேண்டும். நாள்பட்ட முட்டைக்குள் காற்றறை பெரிதாகியிருக்கும், உப்பு குறைவாக இருக்கும்போதே மிதந்து ஏமாற்றும். இதையே கேள்வியாக வகுப்பில் போட்டுப் பாருங்கள். அடர்த்தி என்று இயற்பியலில் படித்தது அந்த வாளிக்குள் கண்ணுக்குத் தெரியும். இது அறிவியல் படிப்பு என்று தனியாக வாதாடத் தேவையிருக்காது.

படி 5: நாள் பார்ப்பது

தலைமையாசிரியரிடம் முன்னதாகவே கடிதம் கொடுத்து அனுமதி வாங்குங்கள். பெற்றோரும் வர வேண்டுமென்றால் வயலின் நாட்காட்டியைப் பாருங்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால் அடுத்து நாற்றங்கால், நடவு என்று ஓய்வே இருக்காது. தை மாதம் சம்பா அறுவடை. அறுவடை மெஷின் எப்போது வரும், நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இறங்குமா, கொள்முதல் நிலையத்தில் எடுப்பார்களா என்று அலைகிறவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவது நியாயமில்லை.

பெண் பிள்ளைகள் அதிகம் உள்ள பள்ளிக்கு ஒரு மாணவித் தூதரும் கட்டாயம் போக வேண்டும். விடுதி, பேருந்து, இரவு நேர வெளி வேலை பற்றி அம்மாக்கள் அவரிடம்தான் மனம் விட்டுக் கேட்பார்கள்.

படி 6: பண்ணை சுற்றிக் காட்டுவது

காலை எட்டிலிருந்து பத்துக்குள் முடிந்தால் நல்லது. கட்டடங்களை வேகமாகக் கடந்து வயலுக்குப் போங்கள். பச்சையின் பல சாயல்கள் வரிசையாக உள்ள இலை வண்ண அட்டையை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, நெற்பயிரின் முழுதாக விரிந்த மேல் இலையை அதனோடு ஒப்பிடச் சொல்லுங்கள். வெயில் நேரடியாக விழாமல் தன் நிழலில் மறைத்துப் பார்க்க வேண்டும். பச்சை வெளுத்திருந்தால் யூரியா இட வேண்டும், வெளுக்காமல் இருந்தால் இட வேண்டாம், பணம் மிச்சம். கூட வந்த விவசாயிகள் இந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

படி 7: எல்லை தெரிந்து நிற்பது

“குருத்துப்பூச்சி விழுந்திருக்கு, என்ன மருந்து அடிக்கலாம் தம்பி?” என்று கேட்பார்கள். வயலைப் பார்க்காமல் மருந்துப் பெயர் சொல்லாதீர்கள். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ, நீடாமங்கலம், சிக்கல் போன்ற ஊர்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வழிகாட்டுங்கள். விவசாயிகளுக்குத் தொலைபேசியில் ஆலோசனை சொல்கிற கிசான் கால் சென்டரின் கட்டணமில்லா எண் 1800-180-1551, தமிழிலேயே பேசலாம். அதை எழுதிய துண்டுச் சீட்டுகள் பையில் எப்போதும் இருக்கட்டும்.

படி 8: திரும்பி வந்து எழுதுவது

பேருந்திலேயே எழுதிவிடுங்கள். எந்தப் பள்ளி, என்ன கேட்டார்கள், எதற்குப் பதில் பாக்கி. பாக்கிப் பதில்களை ஆசிரியரிடம் கேட்டு அதே வாரத்தில் பள்ளிக்கு அனுப்புங்கள். மாணவர்களின் தொலைபேசி எண்ணை நேரடியாக வாங்க வேண்டாம், வகுப்பாசிரியர் வழியாகவே தொடர்பு இருக்கட்டும். பிளஸ் டூ முடிவு வந்ததும் அவருக்கு ஒரு நினைவூட்டல் போடுங்கள். விண்ணப்பத் தேதி தெரியாமலே தவறவிடுகிற பிள்ளைகள் கடைமடைக் கிராமங்களில்தான் அதிகம். கடைசி ஆண்டில் கிராமத் தங்கல் அனுபவப் பயிற்சிக்குப் போகும்போது அந்த நோட்டை இளையவர் ஒருவர் கையில் கொடுத்து, அவரை ஒரு தரம் கூடவே பள்ளிக்கு அழைத்துப் போய் தலைமையாசிரியருக்கு அறிமுகப்படுத்திவிடுங்கள்.