காக்கி என்றால் புழுதி: வீட்டில் அந்த நிறத்தைக் கொண்டுவர

காக்கிக்கும் காக்கைக்கும் உறவில்லை. காப்பவர் போடுவதால் காக்கி என்பதும் காதுக்குப் படும் பொருத்தம்தான். பாரசீகத்தில் ‘காக்’ என்றால் மண், புழுதி. ‘காக்கி’ என்றால் புழுதி நிறத்தது. உருது வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. மூலத்தில் முதல் எழுத்து தொண்டையை உரசி வரும். நடுவில் இருப்பது ஒற்றைக் ககரம். தமிழில் ‘காகி’ என்று எழுதினால் ‘காஹி’ என்று வாசித்துவிடுவோம். ககரத்தை இரட்டித்தால்தான் ஒலி நிற்கும்.

1846இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஹாரி லம்ஸ்டன் பெஷாவரில் திரட்டிய ‘கைட்ஸ்’ படையோடுதான் காக்கி உடுப்பின் கதை தொடங்குகிறது. 1857 சிப்பாய்க் கிளர்ச்சியின்போது மற்ற பிரிட்டிஷ் படையினரும் வெள்ளை உடுப்பைத் தேயிலை, காப்பி, சேறு என்று கிடைத்ததில் முக்கினார்கள். ஆளுக்கொரு நிறமாக வந்தது. வெளுக்காத காக்கிக்கு 1884இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் எஃப். ஏ. காட்டி என்பவர் காப்புரிமை பெற்றார். இரும்பு, குரோமியம் ஆக்சைடுகளைத் துணிக்குள்ளேயே படியவைக்கும் ‘மினரல் காக்கி’ அது. மண்ணின் செம்மைக்கும் மஞ்சளுக்கும் காரணம் இரும்பு ஆக்சைடு. ஆக, பெயரில் இருந்த மண்ணே கடைசியில் சாயமாகவும் வந்தது.

குரோமியம் உப்பில் நஞ்சு உண்டு, வீட்டுக்கு வேண்டாம். மாதுளைத் தோலும் அன்னபேதியும் போதும். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட்தான்; நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும்.

250 கிராம் பருத்தித் துணிக்கு (காய்ந்த நிலையில் எடை போடுங்கள்) காய்ந்த மாதுளைத் தோல் 125 கிராம், படிகாரம் 25 கிராம், அன்னபேதி 2.5 கிராம். பாத்திரம் பெரிய எவர்சில்வராக இருக்கட்டும், பிறகு அதில் சமைக்கக் கூடாது. இரும்புச் சட்டி என்றால் அன்னபேதி போடும் முன்பே துணி கறுக்கும்.

புதுத் துணியில் கஞ்சி இருக்கும். 5 கிராம் சலவைச் சோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து அலசுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்ச வேண்டும். முத்தாக நின்றால் மறுபடி கொதிக்கவையுங்கள். திட்டுத் திட்டாகச் சாயம் பிடிப்பதில் பெரும்பாலானது இங்கே செய்த அவசரம்தான்.

தோலை உடைத்து இரவு ஊறவைத்து, மறுநாள் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். தண்ணீர் சேர்த்து 6 லிட்டராக்கி, படிகாரத்தை வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். நனைத்துப் பிழிந்த துணியை இறக்கி, தளதளவென்று கொதிக்கவிடாமல் ஒரு மணி நேரம் சுடவைத்து, ஆறும்வரை அப்படியே விடுங்கள். எடுத்தால் மங்கலான மஞ்சள்.

காக்கி வருவது அடுத்த ஐந்து நிமிடத்தில். அன்னபேதியைத் தனிக் கிண்ணத்தில் வெந்நீர் விட்டு முழுக்கக் கரைத்து, துணியால் வடிகட்டி, 5 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கலக்குங்கள். கரையாத ஒரு குருணை துணியில் பட்டால் அங்கே கறுப்புப் புள்ளி விழும், அது போகாது. பிழிந்த துணியைப் பிரித்து இறக்கி, கை ஓயாமல் புரட்டுங்கள். கையுறை கட்டாயம். பச்சை கலந்த பழுப்பு தட்டியதும், ‘இன்னும் கொஞ்சம்’ என்று தோன்றும்போதே எடுத்துவிடுங்கள். காற்றுப் பட்டதும் இன்னும் இருளும். பத்து நிமிடம் விட்டால் சாம்பல் நிறத்துக்குப் போய்விடும். அன்னபேதியைக் கூட்டுவதும் சரியல்ல, மிஞ்சிய இரும்பு நாளடைவில் பருத்தி நூலை இற்றுப்போகச் செய்யும்.

நன்றாக அலசி நிழலில் காயவையுங்கள். ஈரத் துணியைப் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள். காய்ந்தபின், ஒரு வெள்ளைத் தாளில் சலித்த காய்ந்த மண்ணைக் கொட்டிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயருக்குப் பொருத்தமான அளவுகோல் அதுதான். வெளிறித் தெரிந்தால் அன்னபேதி நீரில் இன்னும் இரண்டு நிமிடம் முக்கலாம்.

துவைக்கும்போது தனியாக, லேசான சோப்பில். எலுமிச்சைச் சாறோ புளித்தண்ணீரோ சிந்தினால் உடனே அலசுங்கள்: புளிப்பு இரும்பைக் கழற்றிவிடும், அந்த இடத்தில் பழைய மஞ்சள் எட்டிப் பார்க்கும்.