வெப்சைட்ல மொழிக்கு கொடி ஐகான் வைக்கிறீங்களா?

ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் லாட்ஜுக்கு வெப்சைட் வச்சிருக்கவங்க மொழி மாத்துற பட்டன்ல கொடி போடும்போது ஒண்ணு கவனிங்க, மொழியக் குறிக்கிற ரெண்டெழுத்து கோடு (code) வேற, நாட்டக் குறிக்கிற கோடு வேற. மலையாளத்தோட எம்எல் கோட அப்டியே கொடி ஐகானுக்கும் குடுத்தா ஆப்பிரிக்கால இருக்க மாலி நாட்டுக் கொடி வந்து நிக்கும், பெங்காலியோட பிஎன் குடுத்தா புருனே! கொல்கத்தால இருந்து சாமி கும்பிட வர்றவங்க அதுல தங்களோட மொழிய எப்டி கண்டுபிடிப்பாங்க? கொடியே வேணாம்ங்க, அந்தந்த எழுத்துலயே மொழி பேர போடுங்க. தமிழுக்கும் அப்டித்தான், தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம் இலங்கைலயும், சிங்கப்பூர்லயும்கூட ஆட்சி மொழியாச்சே, எந்தக் கொடிய வைக்கிறது? நாட்டுக்கு நாடு விலை மாறுற பக்கத்துல மட்டும் கொடி சரி, ஆனா எமோஜி வேணாம், விண்டோஸ் குரோம்ல வெறும் ரெண்டு எழுத்தா தெரியும், எஸ்விஜி (SVG) படஃபைலா போட்டு பக்கத்துலயே நாட்டுப் பேரையும் எழுதிடுங்க.