ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி உதவி: யாரிடம் கேட்பது, எப்படி எழுதுவது

லண்டனின் ஹாரோவிலிருந்து ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள வாட்ஃபோர்டுக்கு வீடு மாறும் குடும்பங்கள் முதலில் குழம்புவது இங்கேதான். குப்பை எடுப்பதும் கவுன்சில் டாக்ஸ் வாங்குவதும் வாட்ஃபோர்ட் பரோ கவுன்சில். பள்ளியும் சிறப்புக் கல்வியும் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் கவுன்ட்டி கவுன்சிலின் பொறுப்பு. கடிதம் இடம் மாறிப் போனால் வாரங்கள் வீணாகும்.

ஆட்டிசம் என்று டாக்டர் எழுதித் தந்தால்தான் பள்ளி உதவும் என்று பலர் காத்திருக்கிறார்கள். வேண்டாம். இங்கிலாந்தில் உதவிக்கு அடிப்படை பிள்ளையின் தேவைதான், நோயின் பெயர் இல்லை. ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் சென்கோ (SENCO) என்ற சிறப்புக் கல்விப் பொறுப்பாசிரியர் இருப்பார். அவருக்கு மின்னஞ்சல் அனுப்பிச் சந்திக்க நேரம் கேளுங்கள். என்ன உதவி, யார் தருகிறார், வாரத்துக்கு எத்தனை நிமிடம், எப்போது மறுபரிசீலனை என்று கேட்டு, பேசி முடித்த அன்றே அதைச் சுருக்கமாக எழுதி அவருக்கே அனுப்பிவிடுங்கள். பின்னால் இதுதான் ஆதாரம். உதவி பெறும் பிள்ளையின் பெற்றோரைப் பள்ளி ஆண்டுக்கு மூன்று முறையாவது சந்திக்க வேண்டும்.

"வீட்டில் தமிழ் பேசுவதால்தான் இப்படி, இங்கிலீஷ் வந்ததும் சரியாகிவிடும்" என்று சொல்லித் தள்ளிப்போடுவார்கள். வீட்டு மொழி வேறு என்பதற்காக மட்டும் ஒரு பிள்ளைக்குக் கற்றல் சிரமம் என்று சட்டம் சொல்வதில்லை. அதே சமயம், தமிழிலும் சிரமம் இருந்தால் அது இங்கிலீஷ் தெரியாததால் வந்த பிரச்சினை அல்ல. ஆகவே தமிழில் எப்படி என்பதை எழுதிக் கொடுங்கள்: "மூன்று வயதாகிறது, இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை." தமிழ் பேசுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஊரில் எடுத்த மருத்துவ அறிக்கைகள் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்போடு கொடுங்கள்.

பள்ளி தரும் உதவி போதாவிட்டால் ஈ.ஹெச்.சி. பிளான் (EHC plan: பிள்ளையின் தேவைகளையும் தர வேண்டிய உதவியையும் எழுதி வைக்கும் சட்டப்பூர்வ ஆவணம்) கேட்கலாம். பள்ளியின் அனுமதி தேவையில்லை; பிள்ளையின் தேவைகளை மதிப்பீடு செய்யச் சொல்லிப் பெற்றோரே கவுன்ட்டிக்கு எழுதலாம். 2014ஆம் ஆண்டின் சில்ட்ரன் அண்ட் ஃபேமிலீஸ் சட்டத்தின் (Children and Families Act) 36ஆம் பிரிவின்படி கேட்கிறோம் என்று குறிப்பிடுங்கள். பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் தேவை இருக்கலாம், பிளான் வழியாக உதவி தேவைப்படலாம் என்று காட்டினால் மதிப்பீட்டுக்குப் போதும். "இரண்டு வருடம் பின்தங்கியிருந்தால்தான்" என்று சட்டத்தில் எங்கும் இல்லை. மதிப்பீடு செய்வதா வேண்டாமா என்பதை 6 வாரத்துக்குள் சொல்ல வேண்டும். இறுதிப் பிளான் 20 வாரத்துக்குள். நடைமுறையில் தாமதமாவது உண்டு; 20ஆம் வாரம் தாண்டியதும் எழுத்தில் முறையிடுங்கள். மறுத்தால், கடிதத் தேதியிலிருந்து 2 மாதத்துக்குள் ட்ரைபியூனலுக்கு (இத்தகைய மேல்முறையீடுகளை விசாரிக்கும் தீர்ப்பாயம்) போகலாம், கட்டணம் இல்லை. பெரும்பாலும் முதலில் மீடியேஷன் (சமரசப் பேச்சு) சான்றிதழ் வாங்க வேண்டும்.

வரைவுப் பிளான் வந்ததும் கருத்துச் சொல்ல 15 நாள்தான். பி பகுதியில் தேவைகள், எஃப் பகுதியில் உதவி, ஐ பகுதியில் பள்ளி. முழு பலமும் எஃப் பகுதியில்தான் இருக்கிறது. "பேச்சுப் பயிற்சிக்கு வாய்ப்பு அளிக்கப்படும்" என்று இருந்தால் கையெழுத்துப் பெறாத காசோலை மாதிரி. "பேச்சுப் பயிற்சியாளர், தனியாக, வாரம் ஒரு முறை, 30 நிமிடம்" என்று எழுதச் சொல்லுங்கள். பி-யில் உள்ள ஒவ்வொரு தேவைக்கும் எஃப்-இல் ஓர் உதவி இருக்கிறதா என்று பேனாவால் கோடு போட்டுச் சேர்த்துப் பாருங்கள். ஜோடி இல்லாத தேவை கண்ணில் பட்டுவிடும்.

ஹாரோவில் ஏற்கெனவே பிளான் இருந்தால் அது உங்களோடு கவுன்ட்டிக்கு வந்துவிடும். முதலிலிருந்து தொடங்க வேண்டாம். வீடு மாறும் தேதியை இரு கவுன்சிலுக்கும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

விசாவில் பொது நிதி (அரசு தரும் உதவித்தொகைகள்) கிடையாது என்று இருந்தால், ஊனமுற்ற பிள்ளைக்கான டிஎல்ஏ தொகைக்கு விண்ணப்பிப்பதற்கு முன் குடியேற்ற ஆலோசகரிடம் கேளுங்கள். பள்ளி உதவியும் ஈ.ஹெச்.சி. பிளானும் பொது நிதியில் சேராது. இதைப் பயந்து கேட்காமல் விடுவது பிள்ளைக்குத்தான் இழப்பு.

கடிதம் எழுத ஹார்ட்ஃபோர்ட்ஷயர் சென்டியாஸ் (SENDIASS) என்ற பெற்றோருக்கான ஆலோசனைச் சேவை இலவசமாக உதவும். கூட்டங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளையின் அண்ணனையோ அக்காவையோ மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள்.

ஆறாம் வகுப்பில் இருக்கும், பிளான் உள்ள பிள்ளைக்கு மேல்நிலைப் பள்ளி விண்ணப்பம் வழக்கமான படிவத்தில் இல்லை, கவுன்ட்டியின் சிறப்புக் கல்விப் பிரிவு வழியாகத்தான். பிப்ரவரி 15க்குள் பள்ளியின் பெயர் பிளானில் ஏறிவிட வேண்டும் என்பதால், ஐந்தாம் வகுப்பின் கடைசிப் பருவத்திலேயே பள்ளிகளைப் போய்ப் பாருங்கள்.