ஒட்டிய இமை முடியைத் தண்ணீருக்கு அஞ்சாமல் கழுவிப் பராமரிக்கும் முறை

ஈரோட்டில் நான் நடத்தும் சிறிய அழகு நிலையத்துக்குக் கடந்த தை மாதம் ஒரு புதுமணப் பெண் வந்தார். திருமணத்துக்கு முந்தைய நாள் என்னிடம்தான் ஐலேஷ் எக்ஸ்டென்ஷன், அதாவது சொந்த இமை முடியின் மேல் ஒட்டும் செயற்கை முடி, வைத்துக்கொண்டார். முகூர்த்தமும் விருந்துகளும் முடிந்து பன்னிரண்டாம் நாள் வந்தபோது அவருடைய இமை ஓரங்கள் சிவந்திருந்தன. முடிகளின் அடியில் மாவு உதிர்ந்தது போல வெள்ளைத் துகள்கள் படிந்திருந்தன. இடது கண்ணில் ஒரு கண்கட்டி புறப்பட்டிருந்தது. "தண்ணி பட்டா உதுந்து போயிருமுன்னு சொன்னாங்க்கா, அதனால கண்ணுப் பக்கம் கையே வெக்கலீங்க" என்றார். முதல் 24 மணி நேரம் நனைக்க வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் மறக்கவில்லை. அதற்குப் பிறகு நாள்தோறும் கழுவ வேண்டும் என்பதை நான்தான் அழுத்திச் சொல்லவில்லை. அன்றிலிருந்து என்னிடம் வருகிற ஒவ்வொருவரையும் கண்ணாடி முன் உட்கார வைத்து, கழுவும் முறையைச் செய்து காட்டிய பிறகே அனுப்புகிறேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். இந்த வேலைக்குப் பயன்படும் பசை சயனோஅக்ரிலேட் வகையைச் சேர்ந்தது. காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் அது இறுகுகிறது. முழுமையாக இறுகுவதற்கு முன் மிகுந்த நீரோ ஆவியோ பட்டால் பசை வெளுத்து உடையக்கூடியதாக ஆகிவிடும் என்பதால்தான் 24 மணி நேரம் என்றும், சில நிலையங்களில் 48 மணி நேரம் என்றும் கெடு வைக்கிறார்கள். பசைக்குப் பசை இது மாறும். உங்களுக்கு ஒட்டியவர் எவ்வளவு நேரம் சொன்னாரோ அதைக் கடைப்பிடியுங்கள். ஆனால் அது ஒரு கெடு மட்டுமே. அந்த நேரம் கடந்த பின், இறுகிய பசையைச் சாதாரணத் தண்ணீர் ஒன்றும் செய்வதில்லை.

அப்படியானால் முடி ஏன் உதிர்கிறது? ஒவ்வொரு செயற்கை முடியும் தோலில் அல்ல, நம்முடைய சொந்த இமை முடி ஒன்றின் மேல், வேரிலிருந்து ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தள்ளி ஒட்டப்படுகிறது. மேல் இமையில் சுமார் 90 முதல் 150 முடிகள் இருக்கும். அவை தலைமுடியைப் போலவே வளர்ந்து, ஓய்ந்து, உதிர்ந்து, மீண்டும் முளைப்பவை. நாளொன்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை இயல்பாகவே உதிரும். உதிரும்போது தன்மேல் ஒட்டியிருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். கழுவும்போது விரலில் ஒரு முடி வந்தால், அதன் அடியைப் பாருங்கள். செயற்கை முடியோடு உங்கள் சொந்த முடியும் சேர்ந்து வந்திருந்தால், அது தன் காலம் முடிந்து விழுந்தது. செயற்கை முடி மட்டும் தனியாக வந்திருந்தால் பசையின் பிடி தளர்ந்திருக்கிறது என்று பொருள். அப்படித் தளர்வதற்கு நாங்கள் அதிகம் காணும் காரணம் எண்ணெய்ப் படிவம்தான்.

அந்த எண்ணெய் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. மேல் இமையின் ஓரத்தில் 25 முதல் 40 வரையும், கீழ் இமையில் 20 முதல் 30 வரையும் நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடாமல் காப்பது அந்த எண்ணெய்தான். ஒட்டிய முடிகள் அடர்ந்திருக்கும்போது அந்த எண்ணெயும், உதிரும் தோல் செதில்களும், பீளையும், மையும், தெருப் புழுதியும் அடியிலேயே தங்கிவிடுகின்றன. சுரப்பிகளின் வாய் அடைபட்டால் கண் வறண்டு உறுத்தும். கிருமிகள் பெருகினால் இமை ஓர அழற்சியும் கண்கட்டியும் வரும். இமை முடியின் வேர்க்குழியில் வாழும் டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய உண்ணிகளுக்கும் இந்த அழுக்கு நல்ல இருப்பிடமாகிவிடும். எனவே கழுவுவதை அழகுக்காகச் செய்யும் கூடுதல் வேலையாக எண்ணாமல், கண்ணின் நலத்துக்கான வேலையாகவே கொள்ள வேண்டும்.

கழுவும் முறை

தேவையானவை மூன்றே: இமைக்கென்று தயாரிக்கப்பட்ட எண்ணெய் இல்லாத நுரைக் கழுவி, மூக்கின் பக்கவாட்டைத் துடைக்கவும் பயன்படும் மிருதுவான சிறு பிரஷ், இமை முடியைச் சீவுவதற்கான ஸ்பூலி. நுரைக் கழுவி ஒட்டிய நிலையத்திலேயே கிடைக்கும். மருந்துக் கடைகளிலும் இமை ஓரத்தைத் துடைக்கும் நுரைகள் கிடைக்கின்றன. வாங்கும்போது எண்ணெய் சேர்க்காதது என்பதையும், கடும் வாசனை இல்லாதது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கான ஷாம்புவை நீர்த்துப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். இமை ஓரத்தைத் துடைக்கக் கண் மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த வழிதான் அது. ஆயினும் சில ஷாம்புகளில் முடியை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள்கள் பசையைச் சுற்றி ஒரு படலம் போலத் தங்கிவிடுவதால், கைவசம் வேறு எதுவும் இல்லாத நாளில் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள் என்பது என் கருத்து. குளியல் சோப்பும், கடலை மாவும், பயத்த மாவும், குறுமணல் போன்ற துகள் கலந்த ஃபேஸ்வாஷும் இமைப் பக்கம் வரவே கூடாது.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். காண்டாக்ட் லென்ஸ் அணிபவர் அதை முதலில் கழற்றிவிட வேண்டும். குழாய்த் தண்ணீர் லென்ஸில் பட்டால் அகாந்தமீபா என்னும் நுண்ணுயிரி கண்ணின் கருவிழியைத் தாக்கும் ஆபத்து உண்டு. முகத்தில் உள்ள ஒப்பனையைக் கண்ணைச் சுற்றி விலகியே துடைத்து எடுத்துவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நனைந்த விரல்களால் இமையை ஈரமாக்குங்கள். ஒரு அழுத்து நுரையைப் பிரஷ்ஷில் எடுத்து, முடிகளின் அடியில், இமையின் ஓரக்கோட்டை ஒட்டி, இடமும் வலமுமாக மிக மெதுவாக ஓட்டுங்கள். பெரும்பாலானோர் முடியின் நுனியை மட்டும் தடவிவிட்டுக் கழுவிவிட்டதாக நினைக்கிறார்கள். அழுக்கு தங்குவது அடியில்தான். அடிப்பகுதி முடிந்ததும், வேரிலிருந்து நுனி நோக்கி மேலிருந்து கீழாக நாலைந்து முறை ஓட்டுங்கள். பிறகு புருவத்துக்குக் கீழே விரலை வைத்து இமையைச் சற்று உயர்த்தி, முடிகளின் அடிப்புறத்தையும் அதே போலச் செய்யுங்கள். ஒரு கண்ணுக்கு அரை நிமிடம் போதும். அழுத்தித் தேய்ப்பதும், வட்டமாகச் சுழற்றுவதும் முடிகளைப் பின்னிக்கொள்ளச் செய்யும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

அலசும் தண்ணீரைப் பற்றிக் கொங்கு நாட்டில் தனியாகச் சொல்லியாக வேண்டும். சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீடுகளுக்கும், காவிரி, பவானித் தண்ணீர் வரும் வீடுகளுக்கும் கவலை இல்லை. பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளில் வாளியின் உட்புறம் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த உப்பே இமை முடியிலும் காய்ந்து, முடியை விறைப்பாக்கி, ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும். அத்தகைய தண்ணீரில் கழுவினாலும், கடைசி அலசலை மட்டும் குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் செய்யுங்கள். ஒரு டம்ளர் போதுமானது. ஷவரின் வேகத்தை நேராகக் கண்ணில் விடாமல், தலையை லேசாகச் சாய்த்து, கையில் அள்ளிய நீரையோ சிறு குவளை நீரையோ நெற்றியிலிருந்து வழியவிட்டு, நுரை முழுவதும் போகும் வரை அலச வேண்டும். மிச்சம் இருக்கும் நுரை கண்ணைக் கரிக்கும்.

துவட்டுவதற்குத் துண்டோ, பஞ்சோ, வீட்டில் கிடக்கும் பனியன் துணியோ வேண்டாம். திருப்பூர்க்காரர்களின் வீடுகளில் கைக்குக் கிடைப்பது பனியன் வேஸ்ட் துணிதான் என்பது எனக்குத் தெரியும். அதன் நூல் பிசிறு முடியின் அடியில் மாட்டிக்கொண்டால் இழுத்தெடுக்கும்போது முடியும் சேர்ந்து வரும். பிசிறு விடாத டிஷ்யூவை மடித்து இமைக்கு அடியில் வைத்து, முடியின் ஈரத்தை அது உறிஞ்சும்படி ஒற்றி எடுத்தால் போதும். மின்விசிறிக் காற்றில் ஐந்து நிமிடம் உலரவிடுங்கள். உலர்ந்த பிறகே ஸ்பூலியால் முடியின் நடுவிலிருந்து நுனி நோக்கிச் சீவ வேண்டும். ஈரத்தில் முடி இழுபடும் என்பதால் நனைந்திருக்கும்போது சீவ வேண்டாம்.

நாள்தோறும் இரவில் ஒருமுறை இப்படிச் செய்வது போதும். பஞ்சாலையிலோ பனியன் கம்பெனியிலோ வேலை செய்பவர்கள், பஞ்சுத் தூசி படிந்த கண்ணோடு வீடு திரும்புபவர்கள் என்பதால், வந்த உடனேயே கழுவிவிடுவது நல்லது. பிரஷ்ஷையும் ஸ்பூலியையும் ஒவ்வொரு முறையும் அலசிக் காயவைத்து, மாதம் ஒருமுறையாவது மாற்றிவிடுங்கள். வீட்டில் அக்காள் தங்கை இருவர் வைத்திருந்தாலும் ஆளுக்கொன்று தனியாக இருக்க வேண்டும்.

எண்ணெய்க் குளியலும் அரப்பும்

காங்கேயத்தில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் இல்லாத வீடு நம் பக்கத்தில் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை இமை முடிக்காக விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை, விடவும் வேண்டியதில்லை. எண்ணெயை உச்சியிலும் பின்தலையிலும் மட்டும் வைத்து, நெற்றியின் முடிக் கோட்டுக்கு இரண்டு விரல் உள்ளேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இரவெல்லாம் எண்ணெயோடு தூங்கினால் தலையணை உறை வழியாக அது இமைக்கு வந்துவிடும். காலையில் தேய்த்து, ஊறவைத்து, குளித்துவிடுவதே சரி. அரப்பும் சீயக்காயும் நன்றாக எண்ணெயை எடுப்பவை. ஆனால் அவற்றின் தூள் கண்ணில் விழுந்தால் எரியும், இமையின் அடியிலும் தங்கிவிடும். தூளை முன்கூட்டியே கரைத்து வடிகட்டி வைத்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து அலசினால் முகத்தின் வழியே வழியாது. குளியலின் கடைசி வேலையாக, முன்பு சொன்ன முறையில் இமையைக் கழுவிவிடுங்கள். எண்ணெய் பட்ட மாத்திரத்தில் பசை கரைந்துவிடுவதில்லை. படிந்தபடியே விட்டுவிடுவதுதான் கெடுதல்.

முகத்தில் மஞ்சள் பூசிக் குளிப்பவர்கள் கண்ணுக்கு ஒரு விரல் இடைவெளி விட்டுப் பூசலாம். ஈரோடு பெரிய மாரியம்மன் கோவில் விழாவின் மஞ்சள் நீராட்டில் நனைந்தாலும் பாதகமில்லை, வீட்டுக்கு வந்ததும் நன்றாக அலசிவிட வேண்டும். விளக்கெண்ணெயில் எரித்த திரியின் கரியைக் குழைத்துச் செய்யும் வீட்டுக் கண் மையும், மெழுகு மிகுந்த காஜல் குச்சியும், தண்ணீருக்கு அழியாத மஸ்காராவும் இந்த முடிகளோடு ஒத்துவராதவை. அவற்றை நீக்க எண்ணெய் கலந்த நீக்கி தேவைப்படும் என்பதே காரணம்.

சூட்டையும் காற்றையும் பற்றி

ஒட்டும் முடிகள் பெரும்பாலும் பாலியெஸ்டர் வகை இழையால் ஆனவை. கடும் சூட்டில் வளைவு இழந்து சுருண்டுபோகும். குக்கரையும் இட்லிச் சட்டியையும் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். சளிக்கு வேது பிடிக்க வேண்டி வந்தால் கண்ணின் மேல் ஈரத் துணியை மடித்து வைத்துக்கொள்ளலாம். இமையைச் சுருட்டும் கருவியைத் தொடவே வேண்டாம்.

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் பல்லடத்திலும் எப்படி வீசும் என்பது காற்றாலைகளின் நடுவே வாழும் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஸ்கூட்டியில் போகும்போது ஹெல்மெட்டின் முன்கண்ணாடியை இறக்கிவிடுங்கள். முகத்தைச் சுற்றிக் கட்டும் துப்பட்டாவின் விளிம்பு கண்ணின் வெளி ஓரத்தில் உரசுவதால், அந்த ஓர முடிகள்தான் முதலில் போகின்றன. மூக்குக்குக் கீழே நிற்கும்படி கட்டினால் இது நேராது. தூங்கும்போது மல்லாந்து படுப்பது நல்லது, பழக்கமில்லாதவர்கள் வழுவழுப்பான தலையணை உறையாவது போட்டுக்கொள்ளலாம்.

கண் எதைச் சொல்கிறது

ஒட்டிய சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ இரண்டு இமைகளும் வீங்கி அரித்தால், அது பெரும்பாலும் பசைக்கு உடல் காட்டும் ஒவ்வாமை. எவ்வளவு கழுவினாலும் அது போகாது, முடியை நிலையத்தில் முறைப்படி நீக்கிவிட வேண்டும். கண்ணுக்குள் வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, பார்வை மங்கல், சீழ் போன்ற பீளை ஆகியவற்றில் எது வந்தாலும் அழகு நிலையத்துக்கு வருவதற்கு முன் கண் மருத்துவரிடம் போங்கள். கோவையில் அரவிந்த், சங்கரா கண் மருத்துவமனைகள் இருக்கும்போது நமக்குத் தொலைவு ஒரு சாக்காக இருக்க முடியாது. கண்கட்டி புறப்பட்ட அந்தப் பெண்ணையும் நான் அன்றே மருத்துவரிடம் அனுப்பினேன், அவர் குணமான பிறகுதான் மீண்டும் அவர் இமையைத் தொட்டேன்.

இரண்டு மூன்று வாரங்களில் இடைவெளிகள் தெரியும்போது நிரப்ப வாருங்கள்; வரும் நாள் காலையில் இமையைக் கழுவி, மை இல்லாமல் வந்தால் வேலை பாதி நேரத்தில் முடியும். வேண்டாம் என்று தோன்றினால், விரலால் பிய்க்காதீர்கள். பிய்க்கும்போது சொந்த முடி வேரோடு வரும், தொடர்ந்து இழுபட்ட வேரில் முடி முளைக்காமலும் போகலாம். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனைக் கண்ணருகே கொண்டுபோவது பேராபத்து. நிலையத்தில் இதற்கென உள்ள பசை நீக்கியைத் தடவி, சில நிமிடங்களில் வலியில்லாமல் எடுத்துவிடுவோம். எடுத்த பின் சொந்த இமை சில நாள் மெலிந்தது போலத் தெரியும். அப்போது விளக்கெண்ணெய் தடவ விரும்புகிறவர்கள் கண்ணுக்குள் போகாமல் தடவிக்கொள்ளலாம். அது முடியை வளர்க்கும் என்று நான் உறுதி தர மாட்டேன். ஆனால் மறுபடி ஒட்ட வருவதற்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்தி, இமையை நன்றாகக் கழுவிவிட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் புதிய பசை பிடிக்காது.