பழைய பைக்கில் பிரேக் ஹோஸ் மாற்றும்போது செய்யக் கூடாதவை

டிஸ்க் பிரேக்கில் ஆயிலைக் கொண்டுபோகும் குழாய்தான் ஹோஸ். அதில் வெடிப்பு தெரிந்தால்தான் மாற்ற வேண்டும் என்று காத்திருப்பது முதல் தவறு. யமஹா போன்ற கம்பெனிகளின் மேனுவலே ரப்பர் ஹோஸுக்கு 4 வருஷம், பிரேக் ஆயிலுக்கு 2 வருஷம் என்கிறது. நம் ஊரில் பதினைந்து வருஷப் பைக்கும் கம்பெனி ஹோஸோடுதான் ஓடுகிறது. வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே ரப்பர் உப்பிப் பாதை சுருங்கியிருக்கலாம். லீவரை அழுத்தினால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது. வீல் இழுக்கும், டிஸ்க் சூடாகும். பழி கேலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) மேல் விழும். வீல் பிடித்திருக்கும்போதே மாஸ்டர் சிலிண்டர் (லீவரை அழுத்தினால் ஆயிலைத் தள்ளும் பகுதி) பக்கத்து பேஞ்சோ போல்ட்டை, அதாவது ஹோஸ் முனையைப் பிடித்திருக்கும் ஓட்டையுள்ள போல்ட்டை, கொஞ்சம் தளர்த்துங்கள். வீல் விட்டுவிட்டால் கோளாறு மாஸ்டரில். அப்போதும் விடாமல், கீழே கேலிப்பரில் ப்ளீடர் நிப்பிளை (காற்றையும் ஆயிலையும் வெளியே விடும் சின்னத் திருகு) திறந்ததும் விட்டால், ஹோஸ்தான்.

அடுத்தது வாஷர். ஒவ்வொரு பேஞ்சோ போல்ட்டுக்கும் இரண்டு: ஹோஸ் முனையின் வளையத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒற்றை ஹோஸுக்கு மொத்தம் நான்கு. ஒருமுறை நசுங்கிய செம்பு வாஷரைத் திரும்பப் போட்டால் ஆயில் கசியும். கசிகிறதே என்று இன்னும் முறுக்கினால் மாஸ்டரின் அலுமினியத்தில் மரை போய்விடும். பழைய வாஷர் ஒன்று ஓட்டைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். போல்ட்டும் மாறிவிடக் கூடாது. ஜப்பான் வகையில் பெரும்பாலும் 10 மி.மீ. தடிமன், மரை இடைவெளி 1.25 மி.மீ.; இத்தாலியின் பிரெம்போ பிரேக்கில் இடைவெளி 1.0. கையால் முழுதாக ஏறாத போல்ட்டை ஸ்பேனரால் ஏற்றாதீர்கள்.

நீளத்தை சென்டர் ஸ்டாண்டில் மட்டும் பார்த்தால் போதாது. முன்வீலைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் (முன்வீலைத் தாங்கும் இரட்டைக் குழாய்) முழுதாக நீண்டு இறங்கிய நிலையில் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். ஹோஸ் விறைக்கவும் கூடாது, டயரைத் தொடவும் கூடாது. ஸ்டீல் பின்னல் ஹோஸ் என்றால் மேலே பிளாஸ்டிக் உறை இருக்கட்டும். உறையில்லாத பின்னல் உரசும் இடத்தை அரம்போல் ராவிவிடும்.

'பிரேக் ஆயில்' என்ற பெயரே ஒரு வம்பு. அது எண்ணெய் இல்லை. எஞ்சின் ஆயில், பெட்ரோல், மண்ணெண்ணெய் எது பட்டாலும் உள்ளிருக்கும் ரப்பர் சீல் ஊதிப்போகும். ரிசர்வாயர் (லீவர் பக்கத்து ஆயில் கிண்ணம்) மூடியில் டாட் 4 என்ற ரகம் போட்டிருந்தால் அதையே ஊற்றுங்கள், சீல் உடையாத புது பாட்டிலில். திறந்து வைத்தது காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும்: 230 டிகிரியில் கொதிக்க வேண்டியது 155 வரை இறங்கலாம். 250 மி.லி. தாராளம். டாங்க் மேல் சிந்தினால் பெயிண்ட் உரியும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

அதிகம் சொதப்புவது, ஹோஸ் மாற்றும்போது உள்ளே புகுந்த காற்றை வெளியே எடுப்பதில். வரிசை இதுதான்: லீவரை அழுத்திப் பிடி, நிப்பிளைக் கால் சுற்று திற, மூடு, பிறகுதான் லீவரை விடு. மூடுமுன் விட்டால் காற்று திரும்ப உள்ளே போகும். ரிசர்வாயரை ஒருமுறை காயவிட்டாலும் மறுபடி முதலிலிருந்துதான். பழைய மாஸ்டரில் லீவரை ஹேண்டில்பார்வரை அழுத்தவே கூடாது. பிஸ்டன் இதுவரை போகாத, அரித்த பகுதிக்குப் போய் சீலைக் கிழித்துவிடும். லீவருக்கும் கிரிப்புக்கும் நடுவே சின்ன மரத்துண்டு வையுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் லீவர் பஞ்சுபோல் இருந்தால் காற்று மேலே, மாஸ்டர் பேஞ்சோவில் நிற்கிறது. சைடு ஸ்டாண்டில் ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்பினால் மாஸ்டர் மேலே வரும். துணியைச் சுற்றி, லீவரை அழுத்தியபடி அந்த போல்ட்டை லேசாகத் தளர்த்தி இறுக்குங்கள். மிச்சமுள்ள பொடிக் குமிழிக்கு, சைக்கிள் ட்யூப் துண்டால் லீவரைக் கட்டி ராத்திரி முழுக்க விடலாம்.

கடைசியாக லீவரை ஒரு நிமிஷம் பலமாகப் பிடியுங்கள். மெல்ல உள்ளே இறங்கினாலோ, பேஞ்சோவில் வைத்த டிஷ்யூ நனைந்தாலோ பைக்கைத் தெருவுக்கு எடுக்காதீர்கள்.