ஆறாம் லெவலிலும் அடி தவறும் வீரன்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிப் பாத்திரமாக நடித்து ஆடும் விளையாட்டு, 2014 விதிகள். என் பாத்திரம் ஆறாம் லெவலுக்கு வந்தும் சண்டையில் சொதப்பிக்கொண்டே இருந்தான். ஃபைட்டர் (போர்வீரன்) வகுப்பில் 3 லெவல், ரோக் (தந்திரக்காரன்) வகுப்பில் 3. கவசம் 18 உள்ள எதிரி என்றால், என் கூடுதல் 6 போக, இருபது முகப் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதுவும் ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு அடி.

முதலில் பகடையைச் சந்தேகித்து மாற்றினேன். அப்புறம் ஆயுதத்தை. பிறகு மந்திர வாள் கேட்டு ஆட்டம் நடத்துபவரை நச்சரித்தேன். மூன்று வாரம் போனது.

விஷயம் பாத்திரத் தாளிலேயே இருந்தது. நான்காம் லெவலில் கிடைக்கும் திறன் உயர்வு (வலிமை போன்ற திறன் எண்களில் சேர்க்க இரண்டு புள்ளிகள்) மொத்த லெவலைப் பார்த்து வருவதில்லை. ஒரே வகுப்பில் நான்கு லெவல் இருந்தால்தான் வரும். இரண்டாவது அடியும் அப்படித்தான், ஃபைட்டரில் ஐந்து வேண்டும். பகடை எண்ணோடு சேரும் தேர்ச்சிக் கூடுதல் மட்டும் மொத்த லெவலோடு ஏறுவதால், எல்லாமே அப்படி என்று நினைத்துவிட்டேன். இரண்டு வகுப்பிலும் சரியாக வாசல் வரை போய் நின்றிருக்கிறேன்!

இன்னொன்று: வலிமை 17, உடலுறுதி 13. ஒற்றைப்படை எண்ணால் பகடையில் சேரும் கூடுதல் ஏறாது. 16க்கும் 17க்கும் அதே +3தான்.

நடத்துபவரிடம் அனுமதி வாங்கி ஃபைட்டர் 5, ரோக் 1 என்று மாற்றினேன். திறன் உயர்வின் இரண்டு புள்ளிகளையும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்தேன்: வலிமை 18, உடலுறுதி 14. இரண்டிலும் கூடுதல் ஏறியது. மறைந்து தாக்கும்போது ஒரு பகடை குறைந்தது, சுற்றில் கூடுதலாக ஓடவோ ஒளியவோ விடும் ரோக்கின் சுறுசுறுப்பும் போனது. போகட்டும். இப்போது 11 விழுந்தால் போதும், அடியும் இரண்டு. அப்பாடா.