புல்தரைக்கு உரம் போடும் முன் மண் அறிக்கையைப் பாருங்கள்

வீட்டுப் புல்தரை மஞ்சளடித்தால் உடனே யூரியாவைத் தூவுவதுதான் பலருடைய வழக்கம். அதற்கு முன் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். ஐந்தாறு இடங்களில் ஒரு விரல் நீள ஆழத்துக்கு மண் எடுத்து, புல் வேரை நீக்கி, நிழலில் உலர்த்திக் கலந்து அரை கிலோ கொடுத்தால் போதும். உரம் போட்ட இடத்திலும் மரத்தடியிலும் எடுக்க வேண்டாம்.

அறிக்கை வந்ததும் முதலில் பி.எச். அளவைப் பாருங்கள்; மண் அமிலமா காரமா என்று சொல்வது அதுதான், 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். புல்லுக்கு 6 முதல் 7 வரை நல்லது. நம் சமவெளி மண்ணில் பல இடங்களில் 8-ஐத் தாண்டும். அப்போது மண்ணில் இரும்பு இருந்தும் புல்லால் எடுக்க முடியாது. இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலந்து மாலையில் தெளித்தால் பச்சை திரும்பும். டைல்ஸில் பட்டால் துருக்கறை போகாது, ஜாக்கிரதை! ஆனால் இது தற்காலிக வைத்தியம்தான்.

வெளிநாட்டு வீடியோ பார்த்துச் சுண்ணாம்பு போடுகிறார்களே, அது நீலகிரி மாதிரி அமில மண்ணுக்குச் சரி. கார மண்ணில் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். சோடியம் அதிகம் என்று வந்தால் மட்டும் ஜிப்சம்.

மணிச்சத்து (பாஸ்பரஸ்) 'அதிகம்' என்றிருந்தால், அந்தச் சத்துக்காகப் போடும் டி.ஏ.பி. உரச் செலவு மிச்சம். மக்கிய இலை, சாணம் போன்றவற்றால் மண்ணில் சேரும் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால், சலித்த மண்புழு உரத்தைப் புல் நுனி மூடாதபடி மெல்லிசாகத் தூவித் தண்ணீர் விடுங்கள்.